பூசணிப் பூவில் தேன் எப்படி ஊறுகிறது, ஏன் பத்து மணிக்கு இல்லாமல் போகிறது?

செம்மண்தோட்டம்

பூசணி பூக்கத் தொடங்கியிருக்குது. விடிய ஆறரைக்குப் பூவுக்குள்ளை தேனீ நிறைஞ்சு நிக்குது. பத்து மணிக்கு ஒண்டையும் காணேல்லை, பூவும் சுருண்டிடுது. பெண்பூவிலை நடுத்தண்டைச் சுத்தித் தேன் மினுங்கிறது தெரியும். ஆண்பூவைக் கிழிச்சுப் பாத்தால் மகரந்தத்தைத் தவிர ஒண்டுமில்லை. ஆனா தேனீ அதுக்குள்ளையும் தலைகீழாய்ப் போய் நிக்குது.

மூண்டு விசயம் தெரியவேணும். ஆண்பூவிலை தேன் இருக்கோ, இல்லையோ? தேன் செடியின்ரை சாறு தானாக் கசியிறதோ, பூ தயாரிச்சுக் குடுக்கிறதோ? இறைப்பையும் பசளையையும் மாத்தினால் தேன் கூடுமோ? பிஞ்சு கனக்க வெம்பி விழுகுது, அதாலைதான் கேக்கிறன்.

கலமும்_இழையமும்

ஆண்பூவிலும் தேன் இருக்கிறது. கிழித்த இடம்தான் ஒரு விரற்கடை மேலே போய்விட்டது.

விடிய ஆறு மணிக்கு ஓர் ஆண்பூவைக் காம்போடு கொய்து, அல்லியை ஒரு பக்கம் நீளவாட்டில் கிழித்து விலக்குங்கள். மகரந்தம் தாங்கும் கேசரங்கள் மேலே ஒன்றாகத் திரண்டு தூண்போல நிற்கும். தூணின் அடிப்பகுதி அகன்று, பூவின் அடியிலுள்ள ஒரு குழிக்கு மூடி போட்டதுபோல இருக்கும். அந்த மூடியின் ஓரத்தில், கேசரத் தாள்களுக்கு இடையில், இரண்டு மூன்று சிறு இடைவெளிகள் தெரியும். தேனீ தலைகீழாக நின்று நாக்கை விடுவது அதற்குள்தான். புதிய சவர அலகால் தூணை அடியோடு வெட்டி எடுத்தால் கீழே வழுவழுப்பான மஞ்சள் கிண்ணமும் அதில் தேங்கிய தேனும் தெரியும். பெண்பூவில் இந்த மூடி இல்லை. சுரப்பி நடுத்தண்டான தம்பத்தைச் சுற்றி வளையமாகத் திறந்தே கிடக்கிறது, தேனின் அளவும் பொதுவாகக் கூட.

அந்த மஞ்சள் கிண்ணம்தான் தேன்சுரப்பி. அதன் மேற்றோலில் இலைவாய் போன்ற துளைகள் உண்டு. இலையில் உள்ளவை திறந்து மூடும். இவற்றுக்குப் பெரும்பாலும் மூடும் வல்லமை இல்லை, தேன் வெளிவரும் வாசலாகவே நிற்கின்றன. தோலுக்குக் கீழே குழியவுரு அடர்ந்த சிறு கலங்கள் பல அடுக்காக இருக்கின்றன. அவற்றுக்கும் கீழே சீனியைக் கொண்டுசெல்லும் குழாய் இழையமான உரியத்தின் நுனிக் கிளைகள் வந்து முடிகின்றன.

இலையில் ஒளித்தொகுப்பில் உண்டான சுக்குரோசு உரியம் வழியாக மொட்டுக்கு வருகிறது. பூ விரிய நாள் இருக்கும்போதே, வந்த சீனியைச் சுரப்பிக் கலங்கள் மாப்பொருள் மணிகளாகக் கட்டி வைத்துக்கொள்கின்றன. விரியும் நேரம் நெருங்கும்போது அந்த மாப்பொருள் உடைந்து மறுபடி சுக்குரோசாகிறது. சுக்குரோசு கலத்துக்கு வெளியே போகிறது, அதன் பின்னால் பிரசாரணத்தால் (செறிவு கூடிய பக்கம் நீரை இழுப்பதால்) நீர் போகிறது, இரண்டும் சேர்ந்து துளை வழியாக வழிகிறது. பூசணிப் பூ திறந்திருப்பது ஒரு காலைப்பொழுது மட்டும். அந்தச் சில மணி நேரத்துக்குள் அவ்வளவு சீனியையும் உரியத்தால் புதிதாகக் கொண்டுவந்து கொட்ட இயலாது. அதனால்தான் முன்கூட்டிய சேமிப்பு. பல நாட்களுக்குத் தொடர்ந்து மெதுவாகச் சுரக்கும் பூக்களில் இந்தச் சேமிப்பு குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். வரும் சீனி வந்தபடி வெளியேறும்.

முட்டியும்_பாளையும்

மாஸ்ரர், கடைசியிலை உரியத்துச் சாறுதானே வெளியிலை வருகுது? பனம்பாளை சீவினாலும் உரியத்துச் சாறுதான் முட்டிக்குள்ளை விழுகுது. அமுக்கம் கூடின இடத்தாலை சாறு கசியுது எண்டு சொன்னால் போதாதோ? மாப்பொருளாக்கிறதும் பிறகு உடைக்கிறதும் எதுக்கு?

கலமும்_இழையமும்

பூந்தேன் என்பது ஒழுகும் உரியச் சாறு என்ற கருத்து தாவரவியலில் நீண்ட காலம் இருந்தது. பாளையோடு ஒப்பிட்டால் அது ஏன் போதவில்லை என்று தெரியும்.

பாளையை நாளும் சீவுகிறோம். சீவும்போது உரியக் குழாய்கள் வெட்டுப்பட்டுத் திறக்கின்றன. குழாய்க்குள் உள்ள அமுக்கம் சாற்றை வெளியே தள்ளுகிறது. வெட்டு வாய் அடைபட்டால் சாறு நின்றுவிடும், அதனால்தான் மறுபடி சீவவேண்டியிருக்கிறது. புதிதாய் இறங்கும் சாற்றில் சீனி ஏறக்குறைய முழுவதும் சுக்குரோசு. அமினோ அமிலமும் உப்பும் உரியத்தில் இருந்தபடியே கூட வரும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி, பூசாவிட்டால் கள்ளு.

பூவில் வெட்டு இல்லை. சீனி ஒவ்வொரு கலத்தின் மென்சவ்வையும் கடந்துதான் வெளியே வரவேண்டும். கடக்கவைக்கும் புரதம் ஒன்று 2014இல் கண்டறியப்பட்டது. பெயர் சுவீட் 9. கடுகுக் குடும்பத்து அரபிடொப்சிஸ் செடியிலும் காட்டுப் புகையிலை இனம் ஒன்றிலும் அதற்குரிய பரம்பரையலகை முடக்கிப் பார்த்தார்கள். பூ விரிந்தது, தேன் சுரக்கவில்லை. அரபிடொப்சிஸில் வெளியேற முடியாத சீனி பூக்காம்புப் பக்கம் மாப்பொருளாகக் குவிந்து கிடந்தது. சும்மா கசிவதாக இருந்தால் ஒரு புரதம் இல்லாமல் போனதற்காகத் தேன் முழுவதுமாக நின்றிருக்காது.

சுவீட் 9 தானாகச் சக்தி செலவழித்து எதையும் தள்ளுவதில்லை. செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு வழிவிடுகிறது, அவ்வளவே. ஆகவே உள்ளே செறிவு கூடியும் வெளியே குறைந்தும் இருக்கவேண்டும். உள்ளே மாப்பொருளை உடைத்துச் சுக்குரோசு ஆக்குவது ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது. வெளியே கலச்சுவரில் இன்வேற்றேசு என்ற நொதியம் சுக்குரோசை குளுக்கோசு, பிரற்றோசு என இரண்டாக வெட்டுகிறது. சுக்குரோசின் செறிவு வெளியே விழுவதால் உள்ளேயிருந்து மேலும் வரும். ஒரு மூலக்கூறு இரண்டானதால் நீரை இழுக்கும் வலுவும் இரட்டிக்கிறது. இந்த நொதியத்தை முடக்கிய அரபிடொப்சிஸிலும் தேன் இல்லை. அது 2010இல் காட்டப்பட்டது.

இந்த நொதியம் எல்லாச் செடியிலும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. கடுகு இனங்களில் கிட்டத்தட்ட முழுச் சுக்குரோசும் உடைந்துபோகும். பூசணி இனங்களின் தேனில் சுக்குரோசே மேலோங்கி நிற்கும்.

தேன்வதை

தேனீப் பெட்டி வைக்கிற ஆக்கள் ஒரு விசயத்தைப் பிரிச்சுப் பாக்கவேணும். தேனின் அளவு வேறை, சீனியின் அளவு வேறை. பூவிலை நிறையத் தேன் நிக்குது எண்டு சந்தோசப்பட்டால் அதிலை பெரும்பங்கு தண்ணியாய் இருக்கும்.

கணக்கைப் பாருங்கோ. 1 கிலோ பூந்தேனிலை 30 வீதம் சீனி எண்டால் சீனி 300 கிராம். அடையிலை மூடுற தேனிலை நீர் 20 வீதம் எண்டு வைச்சால் 375 கிராம் தேன் வரும். மிச்சம் 625 கிராம் நீரைத் தேனீ செட்டை அடிச்சு ஆவியாக்க வேணும். அதே 1 கிலோ 15 வீதம் எண்டால் தேன் 187 கிராம்தான், ஆவியாக்கிற நீர் 812 கிராமுக்கு மேலை. மாரியிலை பூ இருந்தும் பெட்டி பாரமில்லாமல் கிடக்கிறதுக்கு இது ஒரு காரணம். மழைத்தண்ணி பூவுக்குள்ளை விழுந்து ஐதாக்குது, காத்திலை ஈரம் கூடினபடியால் ஆவியாகவும் பிந்துது.

எதிர்ப்பக்கமும் இருக்கு. வறண்ட காத்து அடிக்கேக்கை வேம்பு, மா மாதிரித் திறந்த சின்னப் பூவிலை இருக்கிற மெல்லிய தேன்படலம் காய்ஞ்சு பாகாகிடும். நாக்காலை உறிஞ்சேலாத அளவுக்குத் தடிச்சிடும். குழாயாய் இருக்கிற பூவிலையும், பூசணி ஆண்பூ மாதிரி மூடி போட்ட பூவிலையும் இந்தச் சேதம் குறைவு. ஆகத் திறந்த பூக்களிலை தேனீ விடியக்காத்தாலையே வேலையை முடிச்சுப்போடும்.

மாம்பூ பற்றி ஒரு எச்சரிக்கை. கறுத்தக்கொழும்பான் பூக்கிற நேரம் மரத்துக்குக் கீழை நிண்டால் இலை, பூங்கொத்து எல்லாம் பிசுக்குப் பிசுக்கெண்டு ஒட்டும். "தேன் வழியுது" எண்டு சொல்லுவினம். அது பூந்தேன் இல்லை. தத்துப்பூச்சி சாறு குடிச்சு வெளியேத்திற இனிப்புக் கழிவு. பூந்தேன் பூவுக்குள்ளை சூலகத்தைச் சுத்தின தட்டிலை மட்டும்தான் இருக்கும், அதுவும் மிகக் கொஞ்சம். இலையின்ரை மேற்பக்கத்திலை பளபளப்பும், பிறகு கரிபோலப் பூஞ்சணமும் கண்டால் பூச்சிக்கு மருத்துவம் பாருங்கோ.

செம்மண்தோட்டம்

தேன்வதை அண்ணை, பத்து மணிக்குப் பூசணிப்பூ சுருளேக்கை தேன் முழுக்கக் குடிச்சு முடிஞ்சிட்டுதோ? பூச்சி வராத பூவிலை மிஞ்சின தேன் என்னாகும்?

கலமும்_இழையமும்

பூவே திரும்ப எடுத்துக்கொள்ளும். பூசணி இனங்களில் இது நன்றாகக் காட்டப்பட்டிருக்கிறது: பூ மூடியபின் மிஞ்சிய தேனின் சீனி சுரப்பி வழியாகவே உள்ளே உறிஞ்சப்படுகிறது. பெண்பூவில் அது வளரும் பிஞ்சுக்குப் பயன்படலாம்.

செடி ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்கிறது என்றால், தேன் விலை கூடிய பொருள். 1984இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எருக்கலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வட அமெரிக்கச் செடி பூக்கும் காலத்தில் அன்றன்றைய ஒளித்தொகுப்பு விளைச்சலில் 37 வீதம் வரை தேனுக்குச் செலவழிப்பதாகக் கணக்கிட்டார்கள். எல்லாச் செடியும் அவ்வளவு கொடுப்பதில்லை. பல செடிகளில் பூச்சி குடித்துவிட்டுப் போனபின் மறுபடி சுரக்கும். அந்தச் சீனி விதைக்குப் போகவேண்டிய பங்கிலிருந்தும் வரக்கூடும்.

பொத்தி_நீர்வேலி

வாழையை ஒருத்தரும் சொல்லேல்லை. வாழைப்பொத்தியிலை மடல் ஒண்டு மேலை எழும்புற நேரம், விடியவோ பொழுதுபட்ட பிறகோ, மடலைக் கையாலை தூக்கிப் பாருங்கோ. இரண்டு வரியாய் அடுக்கின பூக்களின்ரை அடியிலை, மெல்லிய கண்ணாடி மாதிரி அல்லி ஒண்டு கிண்ணம்போலை வளைஞ்சிருக்கும். அதுக்குள்ளை கூழ் மாதிரித் தடிச்ச தேன் நிக்கும். தண்ணி மாதிரி ஓடாது, பொத்தி கீழ்நோக்கித் தொங்கினாலும் லேசிலை விழாது. இரவிலை வௌவால், விடியத் தேன்சிட்டும் தேனீயும்.

குலை தள்ளினபிறகு பொத்தியை முறிக்கிறது வழக்கம். கடைசிச் சீப்பு விரிஞ்ச உடனை முறிச்சால் காய்க்கு நல்லது. தேனீப் பெட்டி வைச்சிருக்கிற தோட்டத்திலை சில பொத்தியை விட்டுவைச்சால் ஆண்பூ மடல் தொடர்ந்து விரிஞ்சுகொண்டே இருக்கும். வேறை பூ இல்லாத காலத்திலை பெட்டி தாக்குப்பிடிக்கும்.

மாஸ்ரர், வாழையிலையும் பூசணி மாதிரிக் கிண்ணச் சுரப்பியோ?

கலமும்_இழையமும்

இல்லை, வாழையில் சுரப்பி சூலகத்துக்கு உள்ளே இருக்கிறது. சூலகத்தின் மூன்று அறைகளுக்கு இடைப்பட்ட சுவர்கள் முழுவதுமாக ஒட்டாமல் விட்ட இடுக்குகளில் சுரப்பிக் கலங்கள் வரிசையாக இருக்கும். தேன் அந்த இடுக்கில் ஊறி, சூலகத்தின் மேல் நுனியில் உள்ள வாய் வழியாக வெளியே வரும். ஒருவித்திலைத் தாவரங்கள் பலவற்றில் இந்த அமைப்பு உண்டு. வெங்காயத்திலும் மூன்று இடுக்குச் சுரப்பிகள்தான்; தேன் உள்வரிசைக் கேசரத் தாள்களின் அடியில் வந்து தேங்கும்.

வெங்காய விதை எடுப்பவர்களுக்கு ஒன்று. வெங்காயப் பூந்தேனில் பொற்றாசியம் மிகக் கூட. தேனீ அதை விரும்பாமல் பக்கத்தில் வேறு பூ கண்டால் அங்கே போய்விடுவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்று 1972இல் அமெரிக்காவில் எழுதினார்கள். வெயிலும் வறட்சியும் கூடும்போது தேன் தடித்து, சிக்கல் இன்னும் கூடும். ஆகவே விதை வெங்காயத்துக்கு அருகே அதே கிழமைகளில் முருங்கையோ எள்ளோ பூத்துக் குலுங்கினால், வெங்காயத்துக்கு வரும் தேனீ குறையும். நடும் காலத்தை அதற்கேற்பத் தள்ளிவைக்கவேண்டும்.

சுரப்பியில் மூன்றாவது வகையும் நம்முடைய வேலியிலேயே இருக்கிறது. பூவரசு, செவ்வரத்தை, பருத்தி ஆகியவற்றில் துளையும் இல்லை, இடுக்கும் இல்லை. புல்லியின் உட்புற அடியில் பலகலச் சுரப்பி மயிர்கள் கம்பளம்போல நெருங்கி நிற்கும். ஒவ்வொரு மயிரின் நுனியிலும் துளித்துளியாகத் தேன் வந்து சேரும். செவ்வரத்தைப் பூவின் அடியைத் தேன்சிட்டு வெளியிலிருந்து குத்துவது அந்த இடத்தைக் குறிவைத்துத்தான். அப்படிக் குத்திக் குடித்தால் மகரந்தம் அதன் உடம்பில் படாது. பூவுக்கு அதனால் பயனில்லை.

வேலிப்பூவரசு

பூவரசெண்டால் இலையிலையும் சுரப்பி இருக்குது. இலையைப் பிரட்டி, காம்பு தொடுக்கிற இடத்துக்குக் கிட்ட நடுநரம்பின்ரை அடியைப் பாருங்கோ, சின்னக் கீறல் மாதிரி ஒரு சுரப்பி தெரியும். இளம் இலையிலை எறும்பு அதிலை வாய் வைச்சபடியே நிக்கும். ஆமணக்கிலை இலைக்காம்பின்ரை மேல்நுனியிலை குமிழ் மாதிரி. ஆவரசிலை சிற்றிலைச் சோடிகளுக்கு நடுவிலை. கௌப்பியிலை பூத்தண்டிலை பூச்சோடிகளுக்கு இடையிலை. எள்ளிலை பூக்காம்பின்ரை அடியிலை மஞ்சள் பொட்டு.

இதெல்லாம் மகரந்தச் சேர்க்கைக்கு இல்லை, காவலுக்கு. எறும்பு நிண்டால் புழு, முட்டை குறையும். ஆமணக்குப் பூவிலை தேனே இல்லை, மகரந்தம் காத்தாலைதான் பரவும், ஆனா காம்பிலை தேன் வைக்குது. ஆவரசுப் பூவிலையும் தேன் இல்லை.

கௌப்பியிலை எறும்பைக் கண்டவுடனை மருந்தடிக்கிற பழக்கத்தை விடவேணும். முதல் தண்டையும் இலையின்ரை அடிப்பக்கத்தையும் பாருங்கோ. சாறு குடிக்கிற அழுக்கணவன் கூட்டமாய் இருந்து எறும்பு அதைச் சுத்தி நிண்டால் சிக்கல்தான். அழுக்கணவன் இல்லாமல் பூத்தண்டின்ரை சுரப்பியிலை மட்டும் நிண்டால் அது செடிக்கு நன்மை.

கலமும்_இழையமும்

நல்ல குறிப்பு. கடியுண்டால் இந்த இலைச்சுரப்பிகள் கூடச் சுரக்கும். இலை காயப்படும்போது செடிக்குள் ஜஸ்மோனிக் அமிலம் என்ற ஓமோன் கூடுகிறது, அது சுரப்பியைத் தூண்டுகிறது. வட்டக்கண்ணி இனத்துக்கு உறவான மக்கரங்கா மரத்தில் 2001இல் இதைக் காட்டினார்கள். புழு விழுந்த செடியில் எறும்பு கூடுவதற்கு இது ஒரு காரணம்.

உயிரியல்_ரீச்சர்

உயர்தர மாணவர்களுக்கு இதைச் செய்முறையாகச் செய்யலாம் போலிருக்கிறது. பாடசாலை ஆய்வுகூடத்தில் அயடீன், நுணுக்குக்காட்டி, கரைசலின் சீனி வீதம் காட்டும் ஒரு பிரிக்ஸ் மீற்றர் இருக்கின்றன. மாப்பொருள் உடைவதையும் சீனியின் அளவையும் காட்ட முடியுமா? குளுக்கோசு பட்டால் நிறம் மாறும் குளுக்கோசுப் பட்டி பயன்படுமா?

கலமும்_இழையமும்

முடியும் ரீச்சர். பூசணி ஆண்பூவே வசதி, பிஞ்சு வீணாகாது.

மாப்பொருளுக்கு: நாளை விரியவிருக்கும் மொட்டு ஒன்று (நுனி மஞ்சளாகி இன்னும் மூடியிருப்பது), இன்று விரிந்து மத்தியானம் சுருண்ட பூ ஒன்று. மொட்டைப் பின்னேரம் எடுங்கள், இரவில் உடைவு தொடங்கிவிடும். இரண்டின் அடிக்கிண்ணத்தையும் சவர அலகால் குறுக்காக, ஒளி ஊடுருவும் அளவு மெல்லியதாகச் சீவுங்கள். ஒரு துளி அயடீன், ஒரு நிமிடம், பிறகு நீரில் அலசி நுணுக்குக்காட்டியில் வையுங்கள். மொட்டின் சுரப்பி இழையம் கருநீலமாக நிற்கும், சுருண்ட பூவில் வெளிறியிருக்கும். துண்டு தடித்தால் எல்லாமே கறுப்பாகித் தெரிந்து வேறுபாடு காணாது. பெரும்பாலும் பிழைப்பது அங்கேதான்.

தேனை அளக்க: முதல்நாள் பின்னேரமே மொட்டைக் கொசுவலைத் துணியால் கட்டிவிடுங்கள். பொலித்தீன் பை போடவேண்டாம், உள்ளே ஈரம் சேர்ந்து தேன் ஐதாகிவிடும். காம்பில் சிறிது கிறீஸ் பூசினால் எறும்பு ஏறாது. ஆறு மணி, எட்டு மணி, பத்து மணி என்று வெவ்வேறு பூக்களில் எடுங்கள். ஒரே பூவில் திரும்பத் திரும்ப எடுத்தால் எடுப்பதே சுரப்பைத் தூண்டிவிடும். பூசணித் தேனுக்கு ஊசி கழற்றிய மெல்லிய சிறிஞ்ச் போதும். 0.01 மில்லிலீற்றருக்கு ஒரு கோடு போட்ட 1 மில்லிலீற்றர் சிறிஞ்சில் ஒரு சிறு கோடு 10 மைக்குரோலீற்றர். நுனியால் கிண்ணத்தைக் கீறவேண்டாம், கீறினால் இழையச் சாறு கலந்து அளவைக் கெடுக்கும்.

சிறு பூக்களுக்கு மயிர்த்துளைக் குழாய்தான் வேண்டும். 5 மைக்குரோலீற்றர் குழாயின் குறித்த நீளம் 32 மில்லிமீற்றர், தேன் நிரல் 20 மில்லிமீற்றர் என்றால் கனவளவு 20ஐ 32ஆல் பிரித்து 5ஆல் பெருக்க 3.1 மைக்குரோலீற்றர்.

பிரிக்ஸ் மீற்றரை முதலில் காய்ச்சி வடித்த நீரால் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். துளியை வைத்தவுடன் மூடியைச் சாத்தவேண்டும். சிறு துளி எங்கள் வெப்பத்தில் சில விநாடியிலேயே தடிக்கத் தொடங்கும். வெப்பத் திருத்தம் உள்ள கைமீற்றர்கள் பொதுவாக 30 பாகை வரைதான் சரியாகத் திருத்தும், ஆகவே நிழலில் வைத்து வாசியுங்கள். திருத்தம் இல்லாத மீற்றரில் 30 பாகையில் வாசிப்போடு ஏறக்குறைய 0.8 கூட்டவேண்டும். 0 முதல் 32 வரை உள்ள மீற்றர் காலைத் தேனுக்குப் பெரும்பாலும் சரிவரும், பத்து மணித் தேன் அதைத் தாண்டிப் போகக்கூடும்.

பிரிக்ஸ் என்பது 100 கிராமில் உள்ள சீனி, 100 மில்லிலீற்றரில் உள்ளது அல்ல. அதனால் அடர்த்தியையும் பெருக்கவேண்டும். 20 பிரிக்ஸுக்கு 1.08, 30க்கு 1.13, 40க்கு 1.18. மேலே சொன்ன 3.1 மைக்குரோலீற்றர் 30 பிரிக்ஸ் என்றால் 3.1 × 0.30 × 1.13, அதாவது 1.05 மில்லிகிராம் சீனி. மாணவர்கள் கனவளவை மட்டும் வரைபடமாக்கினால் பத்து மணிக்குத் தேன் குறைந்துவிட்டதாகத் தோன்றும். சீனி மில்லிகிராமையும் வரையச் சொல்லுங்கள். நீர் மட்டும் ஆவியானதா, சீனியும் திரும்பப் போனதா என்பது அந்த இரண்டாவது கோட்டில்தான் தெரியும்.

குளுக்கோசுப் பட்டி சுக்குரோசைக் காட்டாது. பூசணியில் பட்டியின் நிறம் குறைவாக வந்தால் தேனில் சீனி குறைவு என்று எடுக்கக்கூடாது. புகையிலைப் பூவில் எதிர்ச் சிக்கல். அலங்காரப் புகையிலையின் தேனில் உள்ள ஒரு புரதம் ஐதரசன் பரவொட்சைட்டை உண்டாக்குகிறது. நுண்ணுயிர் வளராமல் தடுக்கும் ஏற்பாடு. பட்டியின் நிறமாற்றமே பரவொட்சைட்டால் நடப்பது, ஆகவே அங்கே நிறம் பொய்யாகக் கூடும்.

உயிரியல்_ரீச்சர்

மிக்க நன்றி. புகையிலையில் நுனி முறித்துவிடுவதால் பூ கிடைப்பது அரிது, விதைக்கு விட்ட கன்றுகளில் பார்க்கிறோம். தேனில் மதுவம் (ஈஸ்ட்) வளருமா?

கலமும்_இழையமும்

வளரும். பூ விரியும்போது தேன் கிட்டத்தட்டச் சுத்தமாக இருக்கும். முதல் தேனீயின் நாக்கோடு மதுவமும் பற்றீரியாவும் வந்து சேரும். மதுவம் சீனியைக் குறைத்துச் சிறிது அற்ககோலும் உண்டாக்கும். அளவுக்கு எடுக்கும் பூக்களை மூடிக் கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேன்வதை

செம்மண்தோட்டம் தம்பியின்ரை மூண்டாம் கேள்வி நிக்குது. இறைப்பைப் பற்றிச் சொல்லுறன், மாஸ்ரர் திருத்தட்டும்.

பூசணி இரவிலையும் விடியப்புறத்திலையும் சுரக்குது. ஆகத் தண்ணி தேவைப்படுறது விடியிறதுக்கு முன்னம். பூக்காலத்திலை முதல்நாள் பின்னேரம் இறைச்சால் சரி. விடிய எட்டு மணிக்கு மோட்டரைப் போட்டால் அண்டைய தேனுக்கு உதவாது. தூவல் இறைப்பெண்டால் இன்னும் கூடாது, பூவுக்குள்ளை தண்ணி போய்த் தேனும் ஐதாகும், மகரந்தமும் கெடும். பாத்தியிலையோ சொட்டுக் குழாயிலையோ அடிக்கு விடவேணும்.

கிணறு உவராய்ப் போற இடங்களிலை வேர் தண்ணியை இழுக்கவே கஷ்டப்படும். முதலிலை தேனின்ரை அளவு குறையும், இனிப்பு கூடினமாதிரி இருக்கும். தொடர்ந்தால் இலை சோர்ந்து ஒளித்தொகுப்புக் குறைஞ்சு சீனியே இல்லாமல் போகும்.

கலமும்_இழையமும்

சரியாகச் சொன்னீர்கள். இரவில் சுரக்கும் தேனின் சீனி முந்திய பகல்களின் வெயிலில் உண்டானது, அதனால் தொடர்ந்து மப்பாக இருந்தாலும் இலையை நிழல் மூடினாலும் தேன் குறையும். யூரியாவை அள்ளிப் போட்டால் கொடியும் இலையும் கொழுக்கும், பெண்பூ பிந்தும். பூக்கத் தொடங்கினபின் யூரியாவைக் குறைத்து, தொழு எருவும் பொற்றாசியமும் போதியளவு இருப்பதைப் பாருங்கள். தேனைக் கூட்டுவதற்கென்று தனியாக ஒரு பசளை இல்லை.

பிஞ்சு வெம்புவது தேன் குறைவால் என்று உடனே முடிவெடுக்கவேண்டாம். பெண்பூ விரிந்த அன்று விடிய ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் சில பூக்களுக்கு ஆண்பூவின் தூணைத் தொட்டுக் கையால் மகரந்தம் வையுங்கள், நூல் கட்டி அடையாளம் போடுங்கள். கை வைத்தவை நின்று மற்றவை வெம்பினால் பூச்சி போதவில்லை. இரண்டும் வெம்பினால் நீர், உணவு, நோய், பழ ஈ என்று தேடவேண்டும்.

மருந்து விசயம் கட்டாயம். இமிடாகுளோபிறிட் போன்ற ஊடுருவும் பூச்சிகொல்லிகள் செடியின் சாற்றோடு சுரப்பிக்கும் போய்த் தேனிலும் மகரந்தத்திலும் வரும். பூ மூடியபிறகு பின்னேரம் அடித்தேன் என்பது மேலே படும் நஞ்சுக்குத்தான் பொருந்தும், ஊடுருவும் நஞ்சுக்குப் பொருந்தாது. அது நாளை விரியும் பூவின் தேனிலும் இருக்கும். வேரடிக்கு ஊற்றியதும் விதைக்குப் பூசியதும் அப்படியே. பூக்கும் காலத்தில் அந்த வகையைத் தொடவே வேண்டாம்.

செம்மண்தோட்டம்

நூல் கட்டிப் பாக்கிறன். ஆண்பூவின்ரை மூடியை வெட்டினதும் தேன் தெரிஞ்சுது, மாஸ்ரர் சொன்ன இடத்திலையே. பக்கத்துத் தறையிலை கத்தரி நிக்குது. பூசணிக்குப் பெட்டி வைச்சால் கத்தரிக்கும் அதே தேனீ உதவுமோ?

வேலிப்பூவரசு

பெரிசா உதவாது தம்பி. கத்தரி, தக்காளிப் பூவிலை தேன்சுரப்பியே இல்லை, குடுக்கிறது மகரந்தம் மட்டும். அதுவும் கேசரத்தின்ரை நுனிப்பக்கத்தாலைதான் கொட்டும். பூவைப் பிடிச்சு உடம்பை அதிர வைக்கிற வண்டாலைதான் அதை எடுக்கேலும். பெட்டித்தேனீக்கு அந்த அதிர்வு வராது. கரிய பெரிய வண்டும் நீலவரித் தேனீயும் அந்த வேலையைச் செய்யும். கரிய வண்டு காய்ஞ்ச மரத்தைத் துளைச்சுத்தான் கூடு வைக்கும், ஆக வேலியிலை பட்ட முருங்கைக் கொம்பு, பழைய கட்டை எல்லாத்தையும் விறகுக்கு வெட்டாமல் கொஞ்சத்தை விடுங்கோ. நீலவரி மண்ணுக்குள்ளை கூடு வைக்கும், வரம்போரம் ஒரு துண்டு நிலத்தைக் கொத்தாமல் விட்டால் போதும். இரண்டுக்கும் பறக்கிறதுக்குத் தேன் வேணும், அதுக்கு வேலிக்கரையிலை முருங்கையும் எள்ளும் பூத்து நிக்கட்டும்.